குளிக்க முடியாத அருவி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால், சொந்தக்காரப் பையன் ஒருவன் ஐரோப்பாவில் எதற்கு முன்னாலோ இரண்டு கையையும் விரித்து நிற்பதைப் பார்க்காமல் திருநெல்வேலிக்காரர் யாரும் படுக்கப் போக முடியாது. போன வாரம் ரைன் அருவி. எந்த வீட்டுப் பையன் என்று கேட்காதீர்கள், எல்லா வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். படிக்கப் போனவன் ஊர் சுற்றுகிறான் என்று ஒரு கட்சி. வயசுப் பையன், உலகத்தைப் பார்க்கட்டுமே என்று இன்னொரு கட்சி.  இரண்டு கட்சியும் சேர்ந்து செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. பையன் வெளிநாட்டைப் பார்க்கிறான் என்றே இருவரும் நம்புகிறார்கள். அவன் பார்ப்பது திருநெல்வேலியைத்தான். இங்கே இருந்த காலத்தில் பார்க்காமல் விட்டதை அங்கே போய் யூரோ கொடுத்துப் பார்க்கிறான்.

ரைன் அருவியையே எடுத்துக்கொள்வோம். உயரம் 23 மீட்டர், அகலம் 150 மீட்டர். கோடையில் விநாடிக்குச் சுமார் 600 கன மீட்டர் தண்ணீர் விழும், நம் பேப்பர்க் கணக்கில் 21,000 கன அடி. தாமிரபரணியில் அவ்வளவு வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் தண்ணீர் ஏறிவிடும், ஆற்றங்கரையில் ஆட்டோவில் மைக் கட்டி எச்சரிப்பார்கள். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்காரர் என்ன செய்கிறார்? வேடிக்கை பார்க்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஒரு சொட்டு மேலே பட்டால் துடைத்துக்கொள்கிறார். படகில் ஏறி நடுப்பாறை வரைக்கும் போகலாம். போய், அங்கிருந்தும் வேடிக்கை பார்க்கலாம். குற்றாலத்து மெயினருவியில் கால் வைத்த எவனுக்காவது இது அருவியாகப் படுமா? ஈரத் துண்டோடு, முன்னால் நிற்பவரின் முதுகில் மோதிக்கொண்டே கம்பி வரிசையில் நகர்ந்து, மண்டையில் தண்ணீர் இடி மாதிரி இறங்கி, யார் கால் எது என்று தெரியாமல் இருக்கும்போது போலீஸ்காரர் விசிலடித்து வெளியே விரட்ட வேண்டும். அப்புறம் பசிக்க வேண்டும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்துவிட்டுப் போனால் பசி எங்கிருந்து வரும்? பரோட்டா எப்படி இறங்கும்? போட்டோவில் பையனின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள், சிரிப்பு பாதியில் நிற்கும். இத்தனை தண்ணீர் விழுகிறதே, குளிக்க விடமாட்டேன் என்கிறானே என்கிற ஆதங்கம் அது. தண்ணீரின் குளிரைக் காரணம் சொல்லாதீர்கள். சாரல் காலத்துக் காலை ஐந்து மணிக்கு ஐந்தருவியில் மட்டும் வெந்நீரா விழுகிறது? அருவி இன்னும் முடியவில்லை. அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. பாபநாசத்துக்குப் பஸ்ஸும் உண்டு. பையன் இங்கே இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு எழுந்தான்.

பையன் படிக்கிற ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது, அறையில் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடிக்கும், பாவம் என்பார்கள். நியாயம்தான். அங்கே 2023 மே மாதம் 49 யூரோவுக்குக் கொண்டுவந்த மாதச் சீட்டு இப்போது விலை கூடிவிட்டாலும், அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் பாசஞ்சர் வண்டியில் போய்வரலாம். சும்மா இருந்தாலும் கழிகிற காசு, எனவே போகிறான். ஆனால் யாரோடு போகிறான்? அம்பாசமுத்திரத்துப் பையன், மேலப்பாளையத்துப் பையன், தென்காசிப் பெண்கள் இரண்டு பேர். டப்பாவில் புளியோதரை, நொறுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கல்லிடைக்குறிச்சி அப்பளம். நாலு மணி நேரம் ரயிலில் சொதிக்குத் தேங்காய்ப்பால் டின் எந்தக் கடையில் மலிவு என்று பேச்சு. ஜன்னலுக்கு வெளியே போகிற ஜெர்மனியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உள்ளூரில் இருப்பவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு நூறு வருஷத்துக்கு மேலாக வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். விடுதிப் பிள்ளைகள் மணிமுத்தாறு, மாஞ்சோலை, கிருஷ்ணாபுரத்துச் சிற்பம் எல்லாவற்றையும் முதல் வருஷமே முடித்துவிடுவார்கள். டவுன்காரருக்குக் கிருஷ்ணாபுரம் என்றால் திருச்செந்தூர் போகும்போது பஸ் நிற்கிற இடம். இது என் கட்சிக்குத்தான் பலம். ஊர் சுற்ற வைப்பது அறிவுத் தாகம் இல்லை, வீடு பக்கத்தில் இல்லாததுதான்.

பார்ப்பது என்று முடிவு செய்தபிறகாவது ஒழுங்காகப் பார்க்கலாம். 1876-ல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து ஆதிச்சநல்லூரைத் தோண்டி, கிடைத்ததை அங்கே கொண்டுபோனார். பெர்லினில் படிக்கிற நம் பிள்ளைகள் பிராண்டன்பர்க் வாசலில் தாவிக் குதிக்கிற போட்டோ எனக்கு வந்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பானையை விசாரித்தார்கள் என்று ஒரு செய்தியும் வரவில்லை. லண்டனில் படிக்கிற நம் பிள்ளைகள் இன்னும் மோசம். 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம், தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். அந்த மூலப் பாலத்தை வெள்ளைக்காரன் 1930-களில் இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டான். நம் பையன் கோட்டு மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்பது பிற்பாடு வந்த பாலத்தில். பழைய சாடையைப் பார்க்க வேண்டுமானால் வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில்தான் வர வேண்டும். சரி, அதில் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பாலத்தில் ஒருவன் கையை விரித்து நின்றால், பின்னால் வருகிற டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்றுதான் கேட்பார்.