ராஜா காட்டில் தொலையட்டும்!

கேள்வி: முதலீட்டாளர்கள் முன் என் கம்பெனியைப் பற்றிப் பேசப்போகிறேன். எப்படி ஆரம்பிப்பது?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: 'எங்கள் நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு...' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் செல்போனை எடுத்துவிடுவார்கள். ஐபோன் விற்றவரைப் பாருங்கள். 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், தொடுதிரை ஐபாட், போன், இன்டர்நெட் கருவி என மூன்று சரக்கு வருவதாகச் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்துக்குப் பொறி தட்டிய பிறகுதான், மூன்றும் ஒன்றே என்று போட்டு உடைத்தார். 499 டாலர் விலையெல்லாம் வெகுநேரம் கழித்து! கதை சொல்லும் நம் பாட்டிகளும் அப்படித்தான். ராஜா காட்டில் வழி தவறிய பிறகுதான் அவருடைய வம்சாவளி வரும். உங்கள் முதல் வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து தொடங்குங்கள். நிறுவனர் உங்கள் மாமனாராகவே இருந்தாலும், அவர் படம் ஏழாவது ஸ்லைடில் வந்தால் போதும்.