பத்துப் பேருக்கு ஒரு தாம்பாளம்

ஒட்டோமான் சுல்தானின் பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். இரு நிலங்களின் சுல்தான், இரு கடல்களின் கான் என்று அது பாட்டுக்கு நீளும். அப்பேர்ப்பட்டவர் தன் சொந்தச் சிப்பாய்களுக்கு வருஷா வருஷம் பக்லவா கொடுத்துத் தாஜா பண்ண வேண்டியிருந்தது.

அந்தச் சிப்பாய்கள்தான் ஜானிசரிகள். சுல்தானின் தனிப்படை. பார்த்தால் பட்டாளமா, பந்தியா என்று சந்தேகம் வரும். படைப்பிரிவின் தலைவருக்குப் பதவிப் பெயர் 'சூப்புக்காரர்'. அவருக்குக் கீழே ஒரு 'தலைமைச் சமையல்காரர்'. தொப்பியின் முன்பக்கம் கரண்டி செருக ஓர் இடம். கொடியைவிடப் பெரிய மரியாதை சோற்று அண்டாவுக்கு. சம்பள நாளன்று அரண்மனை முற்றத்தில் சூப் ஊற்றுவார்கள். அதை மடமடவென்று குடித்தால் சுல்தானுக்கு நிம்மதி. தொடாமல் நின்றால் வயிற்றில் புளி கரைக்கும். அண்டாவையே கவிழ்த்துவிட்டால் கலகம் என்று அர்த்தம்.

சும்மா மிரட்டுகிற ஆட்களும் இல்லை. படையைச் சீர்திருத்தப் பார்த்த சுல்தான் இரண்டாம் உஸ்மானை 1622இல் கொன்றார்கள். பையனுக்கு வயது 17. புதுமுறைப் படை ஒன்றைத் தொடங்கிய மூன்றாம் செலிமை 1807இல் அரியணையிலிருந்து இறக்கினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இனிப்பு கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

பக்லவா அரண்மனைக்குப் புதிதல்ல. தோப்காப்பி அரண்மனைச் சமையலறைக் கணக்கில் 1473லேயே அதன் பெயர் இருக்கிறது. செய்வதுதான் பிராணனை வாங்கும். பிசைந்த மாவை உருண்டை பிடித்து, ஸ்டார்ச் தூவி, விரல் பருமனுள்ள நீளக் கம்பால் தேய்க்க வேண்டும். தேய்த்த ஏட்டைத் தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்பவர் முகம் தெரிய வேண்டும். ஏட்டின் மேல் ஏடு; இடையிடையே உருக்கிய நெய்; நடுவில் பொடித்த வால்நட்டோ பிஸ்தாவோ; மறுபடியும் ஏடு. வேகுமுன்பே வில்லை போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு நொறுங்கிவிடும். சுட்டு எடுத்ததும் பாகை ஊற்றினால் தாம்பாளம் முழுக்கச் 'சொர்'ரென்று ஒரு சத்தம். பெரிய வீடுகளில் எஜமானர் பரீட்சை வைப்பாராம்: மேலிருந்து ஒரு பொற்காசைப் போடுவார். எல்லா ஏடுகளையும் துளைத்துக்கொண்டு போய்த் தாம்பாளத்தின் அடியில் 'டங்' என்று கேட்டால் காசு சமையல்காரருக்கு.

வீட்டுக்கு ஒரு தாம்பாளம் செய்வதற்கே இந்தப் பாடு. படைக்கோ பத்துப் பேருக்கு ஒன்று. இருபதாயிரம் பேர் என்றால் இரண்டாயிரம் தாம்பாளம்!

ரமலான் 15ஆம் நாள் சுல்தான் நபிகளாரின் புனிதப் போர்வையைத் தரிசிப்பார். அதன்பின் பக்லவா ஊர்வலம். துணியில் கட்டிய தாம்பாளங்கள் அரண்மனைச் சமையலறைக்கு முன்னால் வரிசையாக இருக்கும். முதல் தாம்பாளம் சுல்தானுக்கே. படைப் பதிவேட்டில் அவர்தான் முதல் சிப்பாய். தன் வீட்டு இனிப்புக்குத் தானே வரிசையில் முதல் ஆளான சக்கரவர்த்தி! அவருக்காகக் கைநீட்டி வாங்கியவர் ஆயுதக் காப்பாளர். பிறகு தாம்பாளத்துக்கு இரண்டு சிப்பாய்கள். கழியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து முகாமுக்கு நடப்பார்கள். ஊரே தெருவில் கூடி வேடிக்கை பார்க்கும். துணியும் பாத்திரமும் மறுநாள் திரும்பி வர வேண்டும். உயிரை எடுக்கும் உரிமை படைக்கு உண்டு. பாத்திரத்தை எடுக்கும் உரிமை கிடையாது.

சுல்தான் இரண்டாம் மஹ்மூத் மட்டும் வேறு கணக்குப் போட்டார். பீரங்கிக் குண்டுக்கு நெய் வேண்டாம், பாகு வேண்டாம், ஏடு தேய்க்கவும் வேண்டாம். 1826 ஜூன் மாதம், ரமலான் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, புதுமுறைப் பயிற்சி பிடிக்காத ஜானிசரிகள் வழக்கம்போல் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு இறைச்சி மைதானத்துக்கு வந்தார்கள். இந்தமுறை பதிலுக்குப் பீரங்கிகள் வந்தன. முகாம் எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், படை ஒழிந்தது, ஊர்வலமும் ஒழிந்தது.

இவ்வளவு சாவுக்கும் அரசாங்கம் வைத்த பெயர் 'மங்கள நிகழ்ச்சி'. அந்தப் பெயரை மனசார ஒப்புக்கொண்டவர்கள் ஊரில் வேறு யாராவது இருந்தார்களோ இல்லையோ, அரண்மனையில் ஏடு தேய்த்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.