எந்த நொடியில் நிற்கிறது?

பழைய கார் வாங்கிய யாருக்கும் இந்தத் தொல்லை ஒரு நாளாவது வந்திருக்கும். செல்ஃப் நன்றாக எடுக்கும், இன்ஜினும் பற்றிக்கொள்ளும். அப்பாடா என்று கியரில் கை வைப்பதற்குள் நின்றுவிடும். அடியோடு ஸ்டார்ட் ஆகாத வண்டியில் எங்கே கை வைக்க வேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கிற வண்டிதான் ஆளைச் சுற்றவிடும்.

1990-களின் தொடக்கத்தில் திருவள்ளூரில் எங்களுக்கு இதற்கு ஒரே கதி, ஜே.என். சாலையிலிருந்து பிரியும் சந்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த மேஸ்திரிதான். என் பெரியப்பா ஸ்டேஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினார். அமாவாசை வந்தால் வீரராகவப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெரியும். அந்த ஒரு நாள் ஓட்டத்தை நம்பித்தான் மாசக் கணக்கே இருந்தது. அப்படி ஓர் அமாவாசைக் காலையில் டாக்ஸி பற்றிப் பற்றி நின்றது. தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகை வாசலில் விட்டோம். மேஸ்திரி பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான்.

“சாவிய விட்டதுமே நிக்குதாண்ணா? கொஞ்சம் ஓடி நிக்குதா? இல்ல, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா நிக்குதா?”

அவருடைய வித்தை முழுக்க இதற்குள் இருந்தது. செல்ஃப் சுழலும் வரை ஓடி, சாவியை விட்ட நொடியே நின்றால் கோளாறு கரண்ட்டில். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேரே காயிலுக்குக் கரண்ட் போகும். ரெசிஸ்டர் எரிந்துபோன வண்டி, செல்ஃப் எடுக்கும் வரை ஓடும். சாவி பழைய இடத்துக்குத் திரும்பியதும் நெருப்புப்பொறி கிடைக்காமல் நிற்கும். கொஞ்சம் ஓடி நின்றால் கார்பரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருந்த பெட்ரோல் தீர்ந்துவிட்டது, பம்ப் மேற்கொண்டு அனுப்பவில்லை என்று அர்த்தம். காலை எடுத்ததும் நின்றால் ஐடிலிங் வழி அடைத்திருக்கிறது.

பெரியப்பா வண்டி மூன்றாவது ரகம். மேஸ்திரி கார்பரேட்டரிலிருந்து ஸ்லோ ஜெட்டைக் கழற்றினார். பித்தளையில் ஒரு சின்னத் திருகு, நடுவே மயிரிழை ஓட்டை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒளி வரவில்லை. பெட்ரோலில் முக்கி, வாயால் ஊதி, மறுபடி பார்த்தார். எடுபிடிப் பையன் குண்டூசியை நீட்ட, “கம்பி விடாதடா, ஓட்டை பெருசாச்சுன்னா வண்டி பெட்ரோலைக் குடிச்சே தீர்த்துடும்” என்று கையைத் தட்டிவிட்டார். ஜெட்டில் இருந்தது டேங்க்குக்குள் உதிர்ந்த துரு. டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்ட பிறகுதான் வண்டியை விட்டார். பொருள் என்று பார்த்தால் ஃபில்டர் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர் கண்டுபிடித்ததற்கான கூலி. பெரியப்பா பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

அதே ஊரில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண்வாரும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது. அந்தத் தொழில் பிற்பாடு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1998-இல் அங்கே மிட்சுபிஷி லான்சர் கார் உருவாகத் தொடங்கியபோது ஊருக்கே பெருமையாக இருந்தது. பெட்ரோல் லான்சரில் கார்பரேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சும். அளவைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. 2000-ஐ ஒட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் மற்றப் புதுக் கார்களிலிருந்தும் கார்பரேட்டரும் சோக் பிடியும் போய்விட்டன. கொட்டகையும் போய்விட்டது.

2014-இல் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரப்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. திருவள்ளூரில் இன்று பிரெஞ்சு சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன; 2021-இல் சி5 ஏர்கிராஸ், மறு வருடம் சி3. தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையில் மிஷ்லின் டயர் செய்கிறது. கார் செய்யும் கைகள் எங்கள் மாவட்டத்தில் பெருகியதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி. ஆனால் நின்றுபோன காரை ஏன் நின்றது என்று விசாரிக்கும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. என்னை உறுத்துவது அதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலை பார்க்கிறேன். பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக ஷிப்டுக்குப் போய்வர, இரண்டு கை மாறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். சில மாதங்களில் அதற்கும் அதே வியாதி. டாஷ்போர்டு அறையில் பழைய சொந்தக்காரரின் பில்கள் கிடந்தன: பேட்டரி, ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றும் ஒரு யூகம். ஒரு யூகம் தப்பியதும் அடுத்த பொருளை மாற்றியிருக்கிறார்கள். வியாதி மட்டும் அப்படியே என்னிடம் வந்துவிட்டது.

ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் ஸ்டீயரிங் அடியில் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0506 என்று ஒரு கோளாறுக் குறியீடு வந்தது. ஐடிலிங் வேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்பது அதன் பொருள். உடனே இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னார்கள். ஐடிலிங் குறைவு என்பது நோயின் அறிகுறி. கரி படிந்தாலும், அதன் மோட்டார் சிக்கினாலும், காற்று வழி அடைத்தாலும் இதே குறியீடு வரலாம். எதனால் வந்தது என்று ஸ்கேனர் சொல்லாது.

கும்மிடிப்பூண்டியில் சர்வீஸ் ரோட்டோரம் ஒரு தம்பி சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் தமிழ் என்று பேசிக்கொண்டே வேலை செய்பவர். ஸ்கேனர் அவரிடமும் உண்டு. அதைத் தொடுவதற்கு முன் கேட்டார்: “சார், சாவிய விட்டதும் நிக்குதா, கால எடுத்தா நிக்குதா?” இந்தக் கேள்வியை நான் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

காலை எடுத்தால்தான் நின்றது. காற்றுக் குழாயைக் கழற்றினார். த்ராட்டில் தகடு மூடும் விளிம்பில் வளையமாகக் கரி. ஐடிலிங்குக்கான காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தார், துணி கறுத்தது. அதோடு விடவில்லை. “இவ்ளோ அழுக்கு ஏன் சார் உள்ள வந்துச்சு?” என்று ஏர் ஃபில்டர் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கிளிப் உடைந்து, யாரோ கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். விரல் நுனி நுழையும் சந்து. எங்கள் சிப்காட்டில் மாலையில் துடைத்த காரை மறுநாள் காலையில் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். அந்தத் தூசி ஃபில்டரில் வடிகட்டப்படாமல் சந்து வழியே நேரே உள்ளே போயிருக்கிறது. ஸ்பிரே அடித்துத் தகட்டைச் சுத்தம் செய்து, புது கிளிப் போட்டு, கடைசியாக ஸ்கேனரை மாட்டி ஐடிலிங்கைப் புதிதாகப் பதிய வைத்தார். கார் நிற்பது நின்றது.

அன்று அதே கடையில் இன்னொரு பழைய கார் இரண்டு நொடி ஓடி ஓடி நின்றுகொண்டிருந்தது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கியது. இன்ஜின், பெட்ரோல் எதிலும் பிசகில்லை. சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை, அதனால் பெட்ரோலை நிறுத்திவிட்டது. வாங்கியவர் கையில் இருந்தது நகல் சாவி. ஒரிஜினல் சாவியைத் தேடிக் கொண்டுவந்து போட்டதும் ஓடியது. இப்படி நிற்கிற வண்டிக்குப் பம்ப் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொருள் மாற்றினால் பில்லைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் யோசித்து, துடைத்து, கிளிப் போட்டுத் தந்தால் “துடைச்சதுக்கா இவ்ளோ?” என்கிறோம். பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்து வரும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வான்? விசாரிப்பதையா, பொருள் விற்பதையா?

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். நீங்களே ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். வாங்கிய பின் நின்றால், எந்த நொடியில் நிற்கிறது என்று கவனித்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு, ஒரு பொருளும் மாற்றவில்லை என்றாலும், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.