நடக்க ஒரு சாக்கு

தருமபுரிப் பக்கம் நான் பிறந்த ஊரில், 1970-களில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றைச் செய்தவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மட்டும்தான். அதற்கு அவருக்குச் சம்பளம் இருந்தது. மற்றவர்கள் தண்ணீர் சேந்தினார்கள், ஏர் ஓட்டினார்கள், மாவு அரைத்தார்கள், நடந்தார்கள். பஸ் பிடிக்க நடந்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் பஸ் போகிற ஊர் வரைக்கும் நடந்தார்கள். அப்பா வாரா வாரம் சந்தைக்கு நடந்து போய், தலையில் மூட்டையோடு நடந்தே திரும்புவார். யாரும் அவரைப் பாராட்டியதில்லை. சைக்கிள் வாங்க வக்கில்லாதவர் என்று வேண்டுமானால் நினைத்திருப்பார்கள்.

இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறேன். நான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், மகள் சொல்கிறாள், மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் சொல்கிறது. அரசாங்கமும் விடவில்லை. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் பாதையைக் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அப்பா இருந்திருந்தால், “எட்டு கிலோமீட்டர் போய் அங்க என்ன வாங்கறது?” என்று கேட்டிருப்பார்.

நல்ல பழக்கத்தைத் தொடங்க நம்மிடம் நாளுக்குப் பஞ்சமில்லை. ஜனவரி ஒன்று நழுவினால் தைப்பொங்கல். அதுவும் போனால் சித்திரை ஒன்று. வைகாசி முழுக்கக் கல்யாணம். கல்யாணப் பந்தியில் காசி அல்வாவை வேண்டாம் என்றால் பெண் வீட்டார் மனம் கோணும். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஐப்பசியில் அடைமழை. நடுவில் கிடைக்கும் நாலு நல்ல காலைப்பொழுதைத் தெருநாய்கள் எடுத்துக்கொள்ளும். நாய்களைத் தாண்டிப் போனால் மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டருகே நின்று, “என்ன சார், சுகரா?” என்பார். நடக்கிறவன் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் முடிவு. அந்த ஒரு கேள்விக்கு பயந்து ஷூவைக் கழற்றி வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எல்லாவற்றையும் மீறிப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தால், வாசலில் அருகம்புல் சாறு விற்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே போண்டா. சாறு குடித்த புண்ணியத்தில் போண்டாவைச் சாப்பிடலாம் என்று ஒரு கணக்கு எங்கள் வாக்கிங் கோஷ்டியில் நிலவுகிறது. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டிச் சமாளிக்கும் வித்தையும் உண்டு. பாழாய்ப்போன ஹெச்பிஏ1சி வந்து அதில் மண்ணைப் போட்டது. அது இரண்டு மூன்று மாதத்து வண்டவாளத்தை மொத்தமாகச் சொல்லிவிடும்.

சாப்பாட்டுக் கதை இதைவிட வேடிக்கை. அன்று எங்கள் வீட்டில் தினமும் ராகிக் களிதான். ஆயா களி கிண்டுவதைப் பார்க்க வேண்டும். பானையில் நொய் வெந்து குழையும்போது மாவை நடுவில் மலை போலக் கொட்டுவாள். துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி. ஆவி அந்தக் குழி வழியே புஸ்ஸென்று மேலே வந்து மாவு வேகும். அப்புறம் பானையை இறக்கி, கவைக்கட்டையைக் குறுக்கே கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு, துடுப்பை இரு கையாலும் பிடித்துச் சுழற்றுவாள். கட்டி தட்டக் கூடாது. தட்டினால் அம்மாவுக்குத் திட்டு. கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்துத் தட்டில் போட்டால், அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நிற்கும். கீரைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். நாங்கள் விழுங்கினோம், அரிசிச் சோறு தின்கிற வீடுகளை நினைத்துக்கொண்டு. எங்களுக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பள்ளிக்கூடத்தில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது மூடியால் மறைத்துக்கொள்வேன்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நான் மூடிபோட்டு மறைத்த பண்டம் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஜிப் வைத்த பையில், பச்சை நிற இலைப்படத்தோடு, அரிசியைவிட அதிக விலையில் நிற்கிறது. அதே சமயம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகை இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். ஊரில் இருக்கும் தம்பியைக் கேட்டேன். “யாருண்ணா சாப்பிடறாங்க? பசங்க நூடுல்ஸ்தான் கேக்குதுங்க” என்றான். ரேஷன் கடைக்கு அவன் போவதும் மோட்டார் சைக்கிளில்தான்.

அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். ஆயாவின் முதுகு கடைசிவரை நிமிரவில்லை. அம்மாவுக்குத் தோள்வலி போகவே இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் சுகர் இல்லை என்பார்கள். பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் நிஜம். களி தின்றதும் சந்தைக்கு நடந்ததும் மனவுறுதியால் அல்ல, வேறு வழி இல்லாததால். வழி கிடைத்த மறுநாளே எல்லோரும் அரிசிக்கும் ஸ்கூட்டருக்கும் மாறினோம், நான் உட்பட.

ஆகவே மனவுறுதி பற்றிய உபதேசங்களை நான் நம்புவதில்லை. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதப்போக, ‘குறைந்தது’ உதிர்ந்து 21 மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டபோது, நடுவாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் குடி முழுகாது என்றும் தெரிந்தது. கடிகாரம் கேட்கும் பத்தாயிரம் அடியும் 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியோடு பிறந்த கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம் எட்டாயிரத்துக்கு மேல் ஆயுள் பலன் பெரிதாக ஏறுவதில்லை என்று 2022-ல் வந்த ஆய்வு, என் வயதுக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல்.

லண்டன் ஆய்வில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு புதிய பழக்கத்தைக் கட்டச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது காலைக் காபி ஒன்றுதான். வீட்டுக்குப் பால் போடும் பையனை நிறுத்தினேன் (பொங்கல் இனாம் மட்டும் தொடர்கிறது). பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, ரயில்வே கேட் தாண்டி இருக்கும் ஆவின் பூத்தில் நீல பாக்கெட் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். மழையா, நாயா, ஆடியா, எதுவும் செல்லாது. அரைமணி தாமதமானால் சமையலறையிலிருந்து, “ஏங்க, பால் என்ன ஆச்சு?” என்று குரல் வரும். கடிகாரத்தின் ‘பீப்’புக்கு அந்த அதிகாரம் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரரும் இப்போது, “என்ன சார், பாலா?” என்கிறார்.

எதிர் வீட்டுப் பையன்தான் சிக்கல். நல்ல பிள்ளை. “எதுக்கு அங்கிள் இந்த வயசுல அவ்ளோ தூரம் நடக்கறீங்க? நான் தினம் வண்டியில அந்த வழியாத்தானே வர்றேன், உங்களுக்கும் வாங்கிட்டு வந்துடறேன்” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். போன வாரம் என் மனைவியிடமே நேராகப் பேசிவிட்டான்.