மணல் அனுப்பாதது தொடர்பாக

அனுப்புநர்: கடலோரம் குடியிருப்போர், மணப்பட்டு, பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்: மேதகு சாத்தனூர் அணையார், தண்டராம்பட்டு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

நகல்: தமிழக நீர்வளத் துறை, நடவடிக்கைக்காக, மணல் லாரி உரிமையாளர்கள், தகவலுக்காக (அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்).

பார்வை: 02.12.2024 அதிகாலை தாங்கள் அனுப்பிய, வினாடிக்கு 1,68,000 கன அடி.

அய்யா,

பார்வையில் கண்டது கிடைக்கப்பெற்றோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு எங்கள் பக்கம்தான் கரையேறியது. நனைந்த பாய் காய்வதற்குள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, அந்தத் தண்ணீர் தங்களிடம் வந்து, தாங்கள் எங்கள் பாகூர் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தீர்கள். எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்றன எதிர்க்கட்சிகள். அந்தப் பஞ்சாயத்தை இங்கே கூட்டப்போவதில்லை. எங்கள் முறையீடு வேறு. தண்ணீர் வந்தது, சரி. மணல் எங்கே?

நந்தி மலையில் புறப்படும் தென்பெண்ணை வெறும் தண்ணீரை மட்டும் கொண்டுவருகிற ஆறு அல்ல. பாறையை அரைத்து மணலாக்கி வழியெல்லாம் உருட்டிக்கொண்டே வரும். 1958-ல் தாங்கள் வந்து குறுக்கே நின்றீர்கள். நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஆற்றுக்கு வேகம் போய்விடுகிறது. பருமணல் முதலில் படிந்துவிடுகிறது. மதகு வழியாகத் தப்பி வருவது களிமண்ணும் வண்டலும்தான். 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று தங்கள் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறது. அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எங்கள் கடற்கரை என்று பிரித்து எழுதினால் நன்றாக இருக்கும். வெள்ளம் வடிந்தபின் எங்கள் கொம்யூன் வீடுகளில் அடுப்படி வரைக்கும் கிடந்தது சேறு. கடலோரத்துக்கு வேண்டியது மணல். விலாசம் மாறிவிட்டதோ என்று சந்தேகம்.

மணல் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். தென்பெண்ணை முகத்துவாரம் கடலூர்ப் பக்கம். அதற்குச் சற்று வடக்கே நாங்கள். ஆறு கடலில் கொட்டுவது முதலில் எங்களுக்கு, பிறகு நரம்பைக்கு, அப்புறம் புதுச்சேரிக்கு. பட்டணத்தில் 1980-களில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியதும் வடக்கே கடற்கரை காணாமல் போனது, கருங்கல் கொட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கும் அந்தப் பாக்கியம் வேண்டாமே என்றுதான் இந்தக் கடிதம். ஏனென்றால் இங்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி இரவில் பங்குனி ஆமை கரையேறுகிறது. பின்னங்கால் துடுப்பால் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு, வயிற்றால் மணலைத் தட்டி மூடிவிட்டுத் திரும்புகிறது. அதற்குக் கருங்கல்லில் குழி பறிக்கத் தெரியாது. வாக்காளர் அட்டை வேறு இல்லை.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவும் இருக்கிறது. சோரியாங்குப்பத்துக்குச் சுற்று வட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். சனங்கள் மணலில் உட்கார்ந்து சிறுவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்பார்கள். மணல் இல்லாத ஆற்றில் சாமியை எங்கே இறக்குவது? இந்து அறநிலையத் துறைக்குத் தனியே எழுத வேண்டியிருக்கும்.

பழி முழுக்கத் தங்கள் தலையில் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். தங்களுக்கு மேலே கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி. கீழே திருக்கோவிலூர் முதல் சொர்ணாவூர் வரை அணைக்கட்டுகள். இடையிடையே பொக்லைன். தளவானூரில் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியில், திறந்த சில மாதத்திலேயே உடைந்தது. வாங்கியதை ஆற்றுக்கே திருப்பித் தந்த கட்டுமானம் என்ற முறையில் அதற்கு எங்கள் நன்றி.

அமெரிக்காவில் கிளென் கேன்யன் என்று தங்கள் இனத்தார் ஒருவர் இருக்கிறார். 1963 முதல் கொலராடோ ஆற்றின் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டார். கீழே மணல்திட்டுகள் கரைந்தன, ஆற்றுக்கே உரிய மீன்கள் அருகின. 1996 மார்ச்சில் ஒரு வாரம் வினாடிக்கு 45,000 கன அடி வீதம் வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள். தாங்கள் அனுப்பியதில் ஏறக்குறைய கால்வாசி. நாள் குறித்து, சொல்லிவிட்டு. திட்டுகள் எழுந்தன, சீக்கிரமே கரையவும் செய்தன. கையில் புதுமணல் இல்லாமல் தண்ணீரை மட்டும் விட்டால், பழைய திட்டையே அது கரைத்துத் தின்கிறது என்று புரிந்துகொண்டார்கள். பிறகு அணைக்குக் கீழே சேரும் பேரியா என்ற கிளையாறு மழைக்காலத்தில் மணல் கொண்டுவந்து போட்டபின் திறக்கிறார்கள். ஜப்பானில் இன்னும் விசேஷம். அணையில் தோண்டிய மணலை லாரியில் ஏற்றி, அணைக்குக் கீழே ஆற்றிலேயே கொட்டுகிறார்கள். மணல் ஏற்றிய லாரி ஆற்றுக்குள் போகிறது என்று எங்கள் ஊரில் சொன்னால் சொன்னவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பேரியாவுக்கு எங்கே போவது என்று தாங்கள் தேட வேண்டியதில்லை. தங்களுக்குக் கீழே துரிஞ்சலாறு வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது மணலோடு வரும்.

விவசாயியின் பாசனத் தண்ணீரில் ஒரு சொட்டும் நாங்கள் கேட்கவில்லை. எப்படியும் வெளியேற்றப்போகிற உபரி நீரை நடுநிசியில் ஒரேயடியாகத் தள்ளாமல், துரிஞ்சலாறு மணல் இறக்கியபின், கரை தாங்கும் அளவில், சில நாள் அவகாசத்தில், பகலில், சொல்லிவிட்டுத் திறக்கவும். தூர்வாரினால் அந்த மணலை ஏலம் விடாமல் தங்கள் காலடியிலேயே ஆற்றில் போடவும். மாநில எல்லை, யூனியன் பிரதேசம் என்று கோப்பு சுற்றத் தொடங்கினால், முள்ளோடை சோதனைச் சாவடியில் மணலை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று நாங்கள் உறுதி தருகிறோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பதில் போடவும். தபாலில் போட்டால் போதும். பதிலையும் ஆற்றில் அனுப்ப வேண்டாம்.