பேனைப் பெருமாள் ஆக்குவோர்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாள் ஆக்குவது என்பார்கள். முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈர் எட்டு ஒன்பது நாளில் பொரிந்து தானாகவே பேனாகிவிடும். பெருமாள் ஆக்கும் திருப்பணிக்குத்தான் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். மலேசியாவின் கோத்தா திங்கியில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தலையைச் சொறிந்தால், அதன் அம்மா பள்ளி வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையைக் கைகாட்டுவார். அந்தப் பிள்ளையின் அம்மா தோட்டத்து உறவினர் வீட்டைக் கைகாட்டுவார். விசாரணை முடிவதற்குள் பேன் நாளுக்கு ஆறேழு முட்டை இட்டு வம்சத்தைப் பெருக்கிவிடும். கொண்டுவந்தது யார் என்று தேடுவதே வீண் வேலை என்பது என் கட்சி. முதன்முதலாகப் பேன் தொற்றிய தலையில் அரிப்பெடுக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஒரே கைப்பேசியின் மேல் நாலு தலை கவிழும் காலத்தில், போன மாதம் எந்தத் தலை எதோடு ஒட்டியிருந்தது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

சுத்தமில்லாத வீட்டில்தானே பேன் வரும் என்பார்கள். பேனுக்கு வேண்டியது ரத்தம். அது ஷாம்பு போட்ட தலையிலும் கிடைக்கிறது. நெருக்கமான வீட்டில் பிள்ளைகள் ஒரே பாயில் தலை முட்டிப் படுப்பதால் அதற்கு வழி சுலபம், அவ்வளவுதான். தண்ணீரில் போய்விடும் என்பதும் நடக்காது. முடியைப் பற்றிக்கொண்டு நீருக்குள் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பிராணி அது. முந்தஹாக் மலையடி அருவிக்குக் கூட்டிப்போனால் பிள்ளைக்குச் சளி பிடிக்கலாம். பேனுக்கு அது உல்லாசப் பயணம்.

சரி, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டாமல் இருக்க, பேன் உள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாமே? நியாயமான கவலைதான். ஆனால் பேன் பறக்காது, குதிக்காது. ஒரு மாதமாக வகுப்பில் இருந்த பிள்ளையை இன்று அனுப்புவது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பேனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015இல் சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது பேன் சீப்பைக் கையில் எடுப்பதுதான். மருந்து இருக்க, சீப்பு எதற்கு? மருந்துக்குப் பழகிய பேன்கள் இன்று ஏராளம். 2005இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் கடை மருந்து 13 சதவீதத் தலைகளைத்தான் சுத்தம் செய்தது. ஈரத்தலையில் கண்டிஷனர் தடவிப் பேன் சீப்பால் வாரியது 57 சதவீதத்தை. வகிடு வகிடாகப் பிரித்து, தோலிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். துணியில் எள்ளளவில் ஒன்று காலசைக்கும். நாலு நாளுக்கொரு முறை, இரண்டு வாரம். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். பேனோடு வீடும் போகும்.

பிள்ளை தலையோடு நிறுத்தவும் கூடாது. இஸ்ரேலில் உள்ள பழைய நகரமான லாகிஷில் கிடைத்த, ஏறக்குறைய கி.மு. 1700ஐச் சேர்ந்த தந்தச் சீப்பின் எழுத்தை 2022இல் படித்தார்கள்: தலைப்பேனோடு தாடிப்பேனும் ஒழிய வேண்டுமென்ற வேண்டுதல். ஆகவே, "எனக்காவது பேனாவது" என்று நழுவும் அப்பாவும் வரிசையில் உட்காரட்டும். வழுக்கை என்றால் விலக்கு உண்டு, துணி பிடிக்கலாம்.