காத்து எறக்குன வண்டி

பிதியா, ஓமன்

அன்புள்ள அப்பாருக்கு,

போன் போட்டா "செரி செரி, காசாகும், வெச்சுரு"ங்கறீங்க. அதனாலதான் இந்தக் கடுதாசி.

கோயமுத்தூர்க்காரன்னு சொன்னதுமே, பம்புசெட் நம்ம ரத்தத்துல ஓடுதுன்னு நெனச்சு, தோட்டந்தோட்டமாப் போய் போர் மோட்டார் பாக்கற வேலை குடுத்துட்டாங்க. கூடவே ஒரு ஹைலக்ஸ் பிக்கப்பு. ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓடறது ரோட்டுக்கு வலது பக்கம். மொத வாரம் பூரா இண்டிகேட்டர்னு நெனச்சு வைப்பரையே போட்டேன். மழைக்கே வழியில்லாத ஊர்ல கண்ணாடி மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சுங்க.

பிதியாவத் தாண்டுனா ஷர்கியா மணல். சில மேடு நூறு மீட்டர் ஒசரம். நம்ம இட்டேரியில டிவிஎஸ் 50 வெரட்டற நெனப்புல ஆக்சிலேட்டரை அமுக்குனேன். சக்கரம் நாலும் நாலு கெணறு வெட்டி, வண்டி வயித்தோட படுத்துக்கிச்சு. ஒரு ஒட்டகம் அசை போட்டுக்கிட்டே வேடிக்கை பாத்துது.

கூட வந்த ஓமானிப் பெரியவர் வையவே இல்லீங்க. எறங்குனார், 35 இருந்த காத்தை நாலு டயர்லயும் 15-க்கு எறக்குனார். டயர் சப்பையாகி அகலமா ஒக்காந்துச்சு. ஒட்டகத்துக் காலைக் காட்டிச் சிரிச்சார். அதும் அப்படித்தான் பரந்து கெடக்குது. அப்பறம் சக்கரத்துக்கிட்ட மணலைக் கையில வாரிப்போட்டு, ஈச்ச மட்டையச் சொருகி, ஃபோர் லோ போட்டு, வந்த தடத்துலயே பொறத்தால எடுக்கச் சொன்னார். நொய்யல் மணல்ல வண்டி எறங்குனப்ப நீங்க தென்னமட்டை வெச்சு, மாட்டை ஒரு அடி அடிக்காம எடுத்தீங்கன்னு அப்பத்தா சொல்லுமே, அதேதானுங்க. கம்ப்யூட்டர் வெச்ச வண்டிக்கும் மட்டைதான் வைத்தியம்!

மேட்டுல நேரா ஏறோணும், நேரா எறங்கோணும். சாய்வுல குறுக்கால போனா உருண்டுரும். நிறுத்தறப்ப பிரேக்கை மிதிக்காம, மூக்கு எறக்கத்தைப் பாத்து தானா நிக்க விடோணும். தார் ரோடு வந்ததும் நாலு சக்கர ஓட்டத்தை எடுத்துப்போடோணும். திருப்பத்துல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடுது. மணல்னா வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார்ல ரெண்டும் பங்காளிக மாதிரி முறுக்கிக்கிட்டா பல்சக்கரந்தான் போகும்.

ஓடைய இங்க வாதிங்கறாங்க. எங்கியோ மலையில மழை பேஞ்சா, இங்க வெயிலடிக்கறப்பவே வெள்ளம் வந்துரும். அதுல வண்டிய விட்டா ஜெயிலே உண்டுங்க. தரைப்பாலத்துல தண்ணி போறப்ப "விடுங்கண்ணா, போயிரும்"னு பஸ் டிரைவரை உசுப்பேத்தற நம்ம சனத்தை இங்க கூட்டியாந்தா ஜெயில் பத்தாது.

மணல்ல மாட்டுனதை அம்மாகிட்டச் சொல்லீராதீங்க, வெசனப்படும். தம்பி டயர்ல காத்தில்லாமயே வண்டி ஓட்டறான்னு வைவீங்களே, இனி நானும் பரிஞ்சு பேச மாட்டேன். அவன் ஓட்டறது அவினாசி ரோட்டுலதானுங்க.

இப்படிக்கு,
உங்க பேரன்